தடையின்றி ஓடும் படம்: கல்முனைக் கரையில் வீடியோத் தொகுப்பின் கதை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிப் பிரதான வீதியில் பயணம் செய்கின்ற ஒருவர், சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் ஸ்டூடியோப் பெயர்ப்பலகைகளைக் கண்டுகொண்டே செல்வார். கடைக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டியில் மணமக்களின் படம். உள்ளே திரையிட்டு மறைத்த குளிரூட்டிய சிறு அறை. அந்த அறைக்குள் கணனியின் முன்னால் ஓர் இளைஞர். பத்திரிகைத் தொழிலின் நிமித்தம் அத்தகைய அறைகளிற் பல மணி நேரம் காத்திருந்தவன் நான். கூட்டம் ஒன்றின் பதிவைப் பார்க்கவோ, அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொள்ளவோ செல்வேன். காத்திருக்கும் வேளையில் அவர்களது தொழிலின் நுட்பங்களைக் கேட்டறிவது வழக்கமாயிற்று.

இக்காலத்தில் அந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வெட்டும்போது படம் விக்கி விக்கி ஓடுகிறதே, அதைத் தடையின்றி ஓடச்செய்வது எப்படி? மென்பொருளில் எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும்? நினைவகத்தைக் கூட்டுவதா, புதிய கணனி வாங்குவதா? அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகமெங்கும் உள்ள படத்தொகுப்பாளர்களை வாட்டிய கேள்வியின் உள்ளூர் வடிவம் இது. அதன் கதையைச் சொன்னால் விடையும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் தொழில் தேடிச் சென்றவர்கள் விடுமுறையில் வரும்போது தொலைக்காட்சிப் பெட்டியோடு 'டெக்'கையும் கொண்டுவந்தார்கள். எங்கள் பகுதியில் வீடியோக் கசெட்டை ஓட்டும் கருவிக்கு அன்றும் இன்றும் டெக் என்றே பெயர். முதலில் தமிழ்ப் படங்களை வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் சாதனமாக இருந்த அது, விரைவிலேயே சொந்தக் குடும்பத்தைப் பார்க்கும் சாதனமாயிற்று. கலியாணத்துக்கு வரமுடியாமல் ஜித்தாவில் இருக்கும் மூத்த மகனுக்குத் தங்கையின் நிக்காஹ்வைக் காட்ட வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தேவைதான் இக்கரையில் வீடியோத் தொழிலை வளர்த்தது என்று துணிந்து கூறுவேன். படம் எடுப்பது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற விவாதமும் கூடவே வளர்ந்தது. ஆனால் கடல்கடந்து இருக்கும் பிள்ளையின் கண்ணீர் அந்த விவாதத்தைப் பல வீடுகளில் தற்காலிகமாகவேனும் ஒத்திவைத்தது.

அந்நாளில் தொகுப்பு என்பது இரண்டு டெக்குகளுக்கு இடையிலான வேலை. ஒன்று ஓடும், மற்றது பதியும். வேண்டிய இடம் வரும்போது பதியும் கருவியின் இடைநிறுத்தத்தை விடுவித்து, வேண்டாத இடம் வந்ததும் மீண்டும் நிறுத்துவார்கள். வசதியுள்ள ஸ்டூடியோக்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு மிக்சர் இருக்கும். இதய வடிவில் திறந்து மணமகளின் முகத்தைக் காட்டுவதெல்லாம் அந்த மிக்சரின் கைங்கரியமே. அந்த இதயம் இல்லாத கலியாணக் கசெட்டை அந்நாளில் எவரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

இம்முறையில் இரண்டு குறைபாடுகள் இருந்தன. ஒரு மணி நேரப் படத்தைத் தொகுத்து முடித்த பின்னர், பத்தாவது நிமிடத்தில் மாமா ஒருவரின் முகம் விடுபட்டுப்போனது தெரியவந்தால், அதை நுழைத்துவிட்டு அங்கிருந்து கடைசிவரை யாவற்றையும் மீண்டும் பதிய வேண்டும். நாடா ஒரு நேர்கோடு. நடுவில் இடம் உண்டாக்க முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு பிரதியிலும் படம் தேயும். விஎச்எஸ் நாடாவில் நிறம்தான் முதலிற் சிதைவது, அதிலும் சிவப்பு. மூன்றாம் தலைமுறைப் பிரதியில் மணப்பெண்ணின் சேலைச் சிவப்பு அவள் தோளைத் தாண்டிப் பின்சுவரில் வழிந்திருக்கும். ஜித்தாவிலிருந்த அண்ணன் பார்த்தது பெரும்பாலும் அந்த மூன்றாம் தலைமுறையைத்தான்.

ஆனால் ஒரு விடயத்தில் அக்கருவிகள் பின்னாளைய கணனிகளை விஞ்சியிருந்தன. படம் ஒருபோதும் விக்கவில்லை. நாடா ஓடினால் படம் ஓடும். ஒரு செக்கனுக்கு 25 படச்சட்டங்கள் என்ற பால் முறைக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. 'நிகழ்நேரம்' என்று இன்று பெருமையாகப் பேசப்படுவது அன்று தானாகவே கிடைத்த வரம். கணனி வந்தபோது நாம் பெற்றது எந்த இடத்திலும் வெட்டி ஒட்டும் சுதந்திரம். இழந்தது அந்த வரம். அதை மீண்டும் பெறுவதற்கான போராட்டமே இத்தொழில்நுட்பத்தின் பிற்பகுதி வரலாறு.

இவ்விடத்தில் கல்முனையை விட்டுச் சற்றுத் தூரம் போக வேண்டியிருக்கிறது. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் முதல் நடைமுறை வீடியோ நாடாக் கருவியைக் காட்சிப்படுத்தியது. இரண்டு அங்குல அகல நாடா. அதைத் தொகுக்க வேண்டுமானால் காந்தத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, படச்சட்டங்களின் எல்லையை நுணுக்குக்கண்ணாடியால் தேடி, பிளேட்டால் வெட்டி ஒட்டினார்கள். அடுத்த பெரும் பாய்ச்சல் 1971இல் வந்தது. சிபிஎஸ் தொலைக்காட்சியும் மெமொரெக்ஸ் நிறுவனமும் கூட்டாக உருவாக்கிய சிஎம்எக்ஸ் 600 என்ற இயந்திரம் படத்தைக் கணனி வட்டுக்களில் வைத்தது. வட்டு என்பதால் எந்த இடத்துக்கும் உடனே தாவலாம். விலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அமெரிக்க டொலர். அத்தனை விலை கொடுத்தும் அதில் தெரிந்த படம் என்ன தெரியுமா? கறுப்பு வெள்ளை, அதுவும் தெளிவு குறைந்த மங்கல் படம். அக்கால வட்டுக்கள் அதற்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கவில்லை. அந்த மங்கல் படத்தை வைத்து எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். பின்னர் அந்த முடிவுகளின் பட்டியலை வைத்து மூலமான இரண்டு அங்குல வர்ண நாடாவிலிருந்து இறுதிப் படத்தைக் கட்டுவார்கள்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். இன்று 'புரொக்சி' என்று மென்பொருள்கள் புதுமைபோல் அறிமுகப்படுத்துகிற பதிலிப் பிரதி முறை, கணனித் தொகுப்பு பிறந்த அன்றே அதனுடன் பிறந்தது. திரைப்படத் துறையினர் அதற்கு முன்பே அதனை அறிந்திருந்தார்கள். மூல நெகட்டிவைத் தொடாமல், அதிலிருந்து எடுத்த வேலைப் பிரதியைத்தான் அவர்கள் வெட்டினார்கள். ஆக, தடையின்றி ஓடும் படத்துக்கு மூலத்துக்குப் பதிலாக இலேசான ஒன்றை ஓட விடுவதே எக்காலத்திலும் வழி. நான் கண்டவரையில் எல்லாத் தலைமுறைக் கருவிகளும் சுற்றிச் சுற்றி இதற்கே வந்து சேர்கின்றன.

1984இல் வந்த மொன்ராஜ் என்ற கருவியின் கதை சுவையானது. பதினேழு பீட்டாமக்ஸ் டெக்குகளில் ஒரே படத்தின் பிரதிகள் ஏற்றப்பட்டிருக்கும். ஒரு டெக் ஒரு காட்சியை ஓட்டிக்கொண்டிருக்க, மற்றவை அடுத்தடுத்த காட்சிகளின் தொடக்கத்துக்கு முன்கூட்டியே ஓடிப்போய்க் காத்து நிற்கும். பார்ப்பவருக்குப் படம் இடையறாது ஓடுவதாகத் தோன்றும். இன்றைய கணனி அடுத்து வரப்போகும் படச்சட்டங்களை முன்கூட்டியே நினைவகத்திற் சேர்த்து வைக்கிறதல்லவா, அதையே அன்று பதினேழு டெக்குகள் செய்தன. 1989இல் அவிட் நிறுவனம் மகின்டோஷ் கணனியில் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதிலும் தொடக்கத்தில் தெளிவு குறைந்த படமே. 1994 தைப்பொங்கலுக்கு வெளியான கமல்ஹாசனின் 'மகாநதி' அவிட் முறையைப் பயன்படுத்திய இந்தியாவின் முதற் படங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. அந்தப் படத்தைக் கல்முனையில் டெக்கிற் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது கணனியில் வெட்டப்பட்டது தெரிந்திருக்க நியாயமில்லை.

இனிச் சிறிது கணக்கு. பால் முறையின் ஒரு படச்சட்டத்தில் 720க்கு 576 புள்ளிகள், அதாவது 4,14,720 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் என்று வைத்தால், செக்கனுக்கு 25 சட்டங்களுக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட். தொண்ணூறுகளின் சாதாரண வன்தட்டு இதனை இடையறாது வழங்க வல்லதாக இருக்கவில்லை. ஒவ்வொரு சட்டத்துக்கும் கணனிக்குக் கிடைக்கும் அவகாசம் 40 மில்லிசெக்கன். அதற்குள் தட்டிலிருந்து எடுத்து, சுருக்கம் அவிழ்த்து, மேலே எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துத் திரைக்கு அனுப்பியாக வேண்டும். நாற்பத்தோராவது மில்லிசெக்கனில் வந்தால் அது தவறிய சட்டம். படம் விக்குவது இதனாலேயே.

1995இல் அறிமுகமான டிவி என்ற இலக்கமுறை வடிவம் இந்தக் கணக்கை மாற்றியது. படத்தை ஐந்தில் ஒரு பங்குக்குச் சுருக்கி, ஒலியும் சேர்த்துச் செக்கனுக்கு 3.6 மெகாபைட் அளவிற்குக் கொண்டுவந்தது. ஒரு மணி நேரம் 13 கிகாபைட். முக்கியமான சிறப்பு, ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே சுருக்கப்பட்டது என்பது. எனவே எந்தச் சட்டத்திலும் வெட்டலாம். ஃபயர்வயர் என்ற ஒரு கம்பியைக் கமெராவிலிருந்து கணனிக்குச் செருகினால் போதும், நாடாவில் உள்ளது உள்ளபடியே வந்து இறங்கும், தேய்மானம் இல்லை. 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் கல்முனையில் நான் கண்ட முதல் தொகுப்புக் கணனி இந்த முறையிலானது. கூட்டுப்பெட்டியின் பக்கத்தட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே காற்றுப் போகட்டும் என்று மேசை விசிறி ஒன்று அதை நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

அக்காலத்துக் கணனியைப் படத்தொகுப்புக்கு ஆயத்தம் செய்வது ஒரு தனிக் கலை. விண்டோஸ் 98இன் கோப்புமுறை நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. ஆகவே இருபது நிமிடத்துக்கும் குறைவான துண்டுகளாகவே படத்தை இறக்க வேண்டும். மென்பொருளும் விண்டோசும் ஒரு வன்தட்டில், படம் வேறொரு வன்தட்டில். இரண்டையும் ஒன்றில் வைத்தால் வாசிக்கும் முனை இரு பக்கமும் அலைந்து நேரத்தை இழக்கும். சிதறிக்கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்த இரவு முழுவதும் கணனியை விட்டுவைப்பார்கள். வைரஸ் தடுப்பியை நிறுத்துவார்கள்.

இவை யாவற்றையும் செய்த பின்னரும் ஒரு நோய் தீராதிருக்கும். நேற்றுவரை நன்றாக ஓடிய கணனி இன்று திடீரென்று சட்டங்களைத் தவறவிடும். காரணத்தை அறிந்தவர்கள் அப்போது வெகு சிலரே. வன்தட்டு தரவை நேரடியாக நினைவகத்துக்கு அனுப்பும் முறைக்கு டிஎம்ஏ என்று பெயர். செயலியே ஒவ்வொன்றாகச் சுமந்து செல்லும் பழைய முறை பிஐஓ. தட்டிலிருந்து வரும் தரவில் ஆறு தடவை பிழை நேர்ந்தால், விண்டோஸ் எக்ஸ்பி எவருக்கும் சொல்லாமல் பழைய முறைக்கு இறங்கிவிடும். அதன்பின் கணனியை எத்தனை தடவை நிறுத்தி இயக்கினாலும் மேலே ஏறாது. பிழைக்குக் காரணம் பெரும்பாலும் வன்தட்டை இணைக்கும் அகன்ற பட்டிக்கம்பியாக இருக்கும். உப்புக்காற்று வீசும் கரையில் செப்புமுனைகள் கறுத்துப்போவது புதினமல்ல. கம்பியை மாற்றி, கருவிகளின் பட்டியலில் அந்த வாயிலை நீக்கி, மீண்டும் இயக்கினால் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து வேகமான முறைக்குத் திரும்பும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் ஒரு ஸ்டூடியோக்காரர் கணனியையே மாற்றிவிட்டார். இருநூறு ரூபாவில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்று பின்னர் அறிந்தபோது அவர் சிரிக்கவில்லை.

படத்தின் மேல் ஒரு பெயரை எழுதினாலோ, ஒரு காட்சியை மற்றொன்றில் கரைத்தாலோ டைம்லைனின் மேல் சிவப்புக் கோடு தோன்றும். அந்த இடத்தைக் கணனி நின்று நிதானமாகச் செய்து முடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். ஒரு கலியாணப் படத்துக்கு ஓர் இரவு. அந்த இரவில் மின்சாரம் போனால் விடிய எழுந்து மீண்டும் தொடங்க வேண்டும். 2001இன் பிற்பகுதியிலும் 2002இன் தொடக்கத்திலும் நாடெங்கும் நாளாந்தம் பல மணி நேர மின்வெட்டு. எங்கள் ஊர்களில் கணனித் தொகுப்பு காலூன்றிய காலமும் அதுவே. கொழும்பில் நிகழ்நேரத் தொகுப்பு என்பது வசதி. இங்கே அது மின்சாரம் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடிப்பதற்கான வழி.

அந்தக் காத்திருப்பை ஒழிக்கவென்றே தனி அட்டைகள் விற்பனைக்கு வந்தன. கனடாவின் மட்ரொக்ஸ் நிறுவனம் 1999இல் ஆர்டி2000 என்ற அட்டையைக் கொண்டுவந்தது. கணனி விளையாட்டுக்களுக்கென உருவான வரைகலைச் சில்லுவை அது காட்சி மாற்றங்களைக் கணக்கிடப் பயன்படுத்தியது. பினக்கிள், யப்பானின் கனோபஸ் ஆகியனவும் போட்டிக்கு வந்தன. கனோபஸ் பின்னர் எடியஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. அட்டையின் துணையின்றிச் செயலியின் பலத்தால் மட்டுமே ஓடக்கூடியதாக அது வளர்ந்து, தென்னாசியாவின் கலியாண வீடியோக்காரர்களின் விருப்பத்துக்குரிய மென்பொருளாகிவிட்டது. அடோபியும் தனது பிரீமியரை 2003இல் புதிதாக எழுதி நிகழ்நேர ஓட்டத்தைச் சேர்த்தது. இவற்றின் விலையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். நம்மவர்களில் எத்தனை பேர் விலை கொடுத்து வாங்கினார்கள் என்ற சங்கடமான கேள்வி எழும்.

தொகுத்து முடித்த படம் எப்படி வீட்டுக்குப் போனது என்பதிலேதான் என் மனம் தங்குகிறது. அக்காலத்தில் இலங்கையில் பரவியிருந்தது விசிடி என்னும் இறுவட்டு. அதிலுள்ள படம் 352க்கு 288 புள்ளிகள். செக்கனுக்கு 1.15 மெகாபிட். கமெரா பதிந்ததோ 25 மெகாபிட். இருபதில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவானதுதான் வீட்டுக்குப் போனது. மூலம் ஸ்டூடியோவிலேயே தங்கியது. ஆனால் தங்கியது எத்தனை நாள்? வன்தட்டில் அடுத்த கலியாணத்துக்கு இடம் வேண்டும். ஒரு கலியாணத்துக்கு மூன்று நாடா என்றால் 39 கிகாபைட், அன்றைய வன்தட்டு ஒன்றின் முழுக்கொள்ளளவு. எனவே அழிப்பார்கள். மினிடிவி நாடாவின் விலையும் குறைவல்ல. அதன் மேலேயே அடுத்த கலியாணத்தைப் பதிவார்கள். இலேசான பிரதி மூலத்துக்குப் பதிலாக ஓடும் வரையில் அது வேலையாள். மூலமே இல்லாதுபோனால் அதுவே எசமான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை எட்டரை மணியை அண்டிக் கடல் வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் வாரிச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டிலேயே மிகக்கூடிய உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான். அதைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியவை பல. எழுதாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அடுத்த சில மாதங்களில் பிரதான வீதிக்கு மேற்கே தப்பிநின்ற ஸ்டூடியோக்களுக்கு ஒரு புதுவகை வாடிக்கையாளர் வரத்தொடங்கினர். அவர்களுக்கு வீடு இல்லை. அல்பம் இல்லை. வீட்டிலிருந்த விசிடியும் கடலோடு போய்விட்டது. "காக்கா, எங்கட கலியாணக் கசெட் இருக்கா? முழுக்க வேணாம். உம்மாட முகம் தெரியிற இடம் மட்டும் போதும்" என்று கேட்ட ஓர் இளைஞருக்குப் பக்கத்தில் நான் அமர்ந்திருந்தேன். ஸ்டூடியோக்காரர் நாடாப் பெட்டியை எடுத்துத் தேடினார். அந்த நாடாவில் வேறோர் ஊரின் கலியாணம் இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு அதன் மேல் பதியப்பட்டிருந்தது.

பின்னர் அந்தக் கலியாணம் கிடைத்தது. கட்டாரிலிருந்த சகோதரனுக்கு அனுப்பிய விசிடி ஒன்று அங்கே அறையில் இருந்தது. அதைத் தபாலில் வரவழைத்தார்கள். தாயார் தெரிவது பதினோரு செக்கன். பெண்கள் குரவையிடும் இடத்தில், ஒரு தூணின் ஓரத்தில் நிற்கிறார். 352க்கு 288 புள்ளிகளில் அவரது முகத்துக்குக் கிடைத்தது முப்பது, முப்பத்தைந்து புள்ளி இருக்கலாம். அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். எந்த மென்பொருளாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. இருந்தும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். சதுரம் சதுரமாக இருந்த அந்தப் படத்தை அவ்விளைஞர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அந்த ஸ்டூடியோ எந்த நாடாவின் மீதும் மீண்டும் பதியவில்லை. செலவைக் கலியாண வீட்டாரின் கட்டணத்தில் சேர்த்தார்கள். கேட்டவர்களுக்குக் காரணத்தைச் சொன்னார்கள். எவரும் பேரம் பேசவில்லை என்று அறிந்தேன்.

மீண்டும் தொழில்நுட்பத்துக்கு வருவோம். 2006இல் சோனியும் பனாசோனிக்கும் ஏவிசிஎச்டி என்ற உயர்தெளிவு வடிவத்தை அறிவித்தன. 1920க்கு 1080 புள்ளிகள். பால் படத்தைவிடச் சரியாக ஐந்து மடங்கு. ஆனால் தரவின் அளவு அதிகபட்சம் 24 மெகாபிட், பழைய டிவியைவிடவும் குறைவு. ஐந்து மடங்கு படத்தை அதே மூட்டைக்குள் அடைத்தது எப்படி? ஒவ்வொரு சட்டத்தையும் முழுமையாகச் சேமிக்காமல், முன்னுள்ள சட்டத்திலிருந்தும் பின்னுள்ள சட்டத்திலிருந்தும் என்ன மாறியது என்பதை மட்டும் சேமித்தார்கள். கடன் கணக்கு எழுதும் கடைக்காரர் முழு நிலுவையையும் மாதத்துக்கு ஒரு தடவை எழுதி, இடையில் கூட்டல் கழித்தலை மட்டும் குறித்து வருவது போன்றது. நடுவில் ஒரு நாளின் நிலுவை வேண்டுமென்றால் மாதத் தொடக்கத்திலிருந்து கூட்டி வர வேண்டும். டைம்லைனில் நீங்கள் ஓரிடத்தைச் சொடுக்கும்போது கணனி செய்வது இதையே. வன்தட்டின் பாரம் செயலியின் தோளுக்கு மாறியது. இருந்தும் நம்மவர்கள் வன்தட்டையே மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

2010இல் பிரீமியரின் சிஎஸ்5 பதிப்பு காட்சி மாற்றங்களைக் கணக்கிடும் வேலையை வரைகலை அட்டைக்கு ஒப்படைத்தது. மட்ரொக்ஸ் பத்தாண்டுகளுக்கு முன் செய்த யோசனையின் முழு வளர்ச்சி அது. சுருக்கத்தை அவிழ்க்கும் வேலைக்கு 2011 முதல் இன்டெல் செயலிகளில் தனிச் சுற்று ஒன்று இடம்பெற்றது. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதைப் பலர் இன்னும் உணரவில்லை. விலையுயர்ந்த வரைகலை அட்டை இருந்தும் படம் விக்குகிறதென்றால், அட்டையால் அவிழ்க்க முடியாத சுருக்கத்தில் அப்படம் இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். பத்து பிட் 4:2:2 வகைப் படத்தைப் பதியும் கமெராக்கள் இப்போது கலியாணங்களுக்கும் வந்துவிட்டன. என்விடியாவின் சாதாரண பாவனை அட்டைகள் அந்த வகையை அவிழ்க்கக் கற்றுக்கொண்டது 2025இல் வந்த 50 வரிசையிலேதான். இன்டெலின் உள்ளமைந்த சுற்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கற்றிருந்தது. ஆகவே மலிவான கணனி ஓட்டும் படத்தை விலையுயர்ந்த கணனி ஓட்டாத விந்தையும் நிகழும்.

பிரீமியர் 2016இல் பதிலிப் பிரதி முறையைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஃபைனல் கட் 2011இலேயே சேர்த்திருந்தது. டாவின்சி ரிசோல்விலும் உண்டு. இன்றைய இளைஞருக்கு நான் சொல்வது இதுதான். படத்தை இறக்கியதும் எளிதில் அவிழும் வகையில், அதாவது ஒவ்வொரு சட்டமும் தனித்து நிற்கும் புரோரெஸ் போன்ற ஒரு சுருக்கமுறையில், அளவைக் குறைத்துப் பதிலிப் பிரதிகளை உருவாக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போங்கள். திரும்பி வந்து அவற்றை வைத்து வெட்டுங்கள். இறுதியில் மென்பொருள் மூலத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். பதிலிப் பிரதி செய்ய நேரமில்லையெனில் ஓட்டும் தெளிவை அரையாகவோ காலாகவோ குறையுங்கள். அது கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே குறைக்கும், இறுதிப் படத்தைத் தொடாது. திட்டத்தின் சட்ட வேகம் படத்தின் வேகத்தோடு ஒத்திருக்கட்டும். கைத்தொலைபேசிப் படங்கள் சில வேளைகளில் செக்கனுக்கு 30 என்று சொல்லிக்கொண்டு 28க்கும் 31க்கும் இடையில் அலையும். அவற்றை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால் நிக்காஹ் ஓதும் ஒலியும் உதட்டசைவும் மெல்ல மெல்ல விலகிப்போகும். படத்தை உட்புறத் திண்மநிலைத் தட்டில் வைத்து வெட்டுங்கள். பென்டிரைவிலிருந்து நேரே வெட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது கல்முனையில் தொழிலைக் கைவிடாதிருந்த பலர் பதிலிப் பிரதியில் வேலை செய்தவர்களே. மடிக்கணனியின் மின்கலத்திலேயே இலேசான பிரதியை வெட்டி வைத்துக்கொண்டு, மின்சாரம் வந்த வேளையில் இறுதிப் படத்தை உருவாக்கினார்கள்.

இனி, எஞ்சியிருக்கும் நாடாக்கள். மினிடிவியும் விஎச்எஸ்ஸும் இக்கரையின் வீடுகளிலும் ஸ்டூடியோக்களின் அலுமாரிகளிலும் இன்னமும் கிடக்கின்றன. அஷ்ரஃப் அவர்கள் 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறையும்வரை பேசிய மேடைகள், கந்தூரிகள், பாடசாலைப் பரிசளிப்புக்கள், இன்று இல்லாத தெருக்கள், கடலுக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளின் முற்றங்கள் யாவும் அவற்றில் உள்ளன. விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான யப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. யுனெஸ்கோவின் தகவல் திட்டமும் ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இல் காந்த நாடா எச்சரிக்கை ஒன்றை விடுத்து, 2025ஐ அண்டி நாடாக்களை ஓட்டும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் அருகிவிடும் என்றன. அந்த ஆண்டிலேயே அப்பிளின் புதிய இயங்குதளம் ஃபயர்வயர் ஆதரவைக் கைவிட்டது. இக்கரையில் உப்பும் ஈரமும் பூஞ்சணமும் அவற்றுக்கு மேலாக.

இதில் ஒரு நுட்பமான சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியைப் பதிந்த நாடாக்கள் வெளியார் பார்வைக்கு உரியன அல்ல. நல்ல ஸ்டூடியோக்கள் அவற்றைத் தொகுத்ததும் மூலத்தோடு வீட்டாரிடமே ஒப்படைத்தன. நாடாக்களைக் காப்போம் என்று புறப்படுவோர் கண்டதையெல்லாம் இறக்கி யூடியூபில் ஏற்றிவிடலாகாது. வீட்டாரின் சம்மதத்தைப் பெற்று, அவர்களுக்குரியதை அவர்களிடமே கொடுப்பதுதான் முறை.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் பழைய கணனி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஃபயர்வயர் அட்டை, விண்டோஸ் எக்ஸ்பி, புதிய பட்டிக்கம்பி. இணைய இணைப்புக் கிடையாது. கமெராவில் நாடாவைப் போட்டு ஓடவிட்டு, பக்கத்தில் அமர்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் வேகப்படுத்த வழி இல்லை. ஒரு மணி நேர நாடா இறங்க ஒரு மணி நேரமே ஆகும். நாளொன்றுக்கு நான்கு நாடா இறக்குகிறார்கள். சென்ற மாதம் நான் போனபோது அலுமாரியின் மேல்தட்டு முடிந்து இரண்டாந்தட்டு தொடங்கியிருந்தது.